முருகம்மாளைத் தெரிந்தவர்கள்

மாட்டுங்காவில், ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் கைலாசம் என்று ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகாது. கோட்டைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அவரைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமே இல்லை. செண்பகவல்லியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் கதையில் இந்த மனிதர் குறுக்கே நிற்கிறார். அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

என் பெயர் லாசர். தாராவி மெயின் ரோட்டில் ஒரு தையல் கடை வாசலில் மேஜை போட்டு, டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நம் ஆட்களுக்கு வேண்டிய மனுக்களை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கடிதம்தான் தேவை. இன்னாரை எனக்கு இத்தனை வருஷமாக நேரில் தெரியும், நல்ல நடத்தை உள்ளவர் என்று இரண்டு வரி, கீழே ஒரு பெரிய மனிதரின் கையெழுத்து. இதை இங்கிலீஷில் 'நோன் டு மீ', அதாவது எனக்குத் தெரிந்தவர், என்று எழுதுவார்கள். நீ யார் என்பது அங்கே கேள்வியே இல்லை. உன்னை யாருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி. போலீசுக்கு நோன் என்றால் நீ ரவுடி. டாக்டருக்கு, வக்கீலுக்கு, தலைமைக் குமாஸ்தாவுக்கு நோன் என்றால் நீ யோக்கியன். என் மேஜைக்குப் பக்கத்தில் டீ ஆற்றுகிற பூதத்தானுக்கு உன்னை இருபது வருஷமாகத் தெரிந்தாலும் அந்தக் காகிதத்தை எந்த ஆபீசிலும் வாங்க மாட்டான்.

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. அங்கே கோயில் கொண்டிருக்கிற அம்மன் பெயரைத்தான் அவள் அப்பா வைத்தார். பூலோகத்துக்கு வாழ்க்கைப்பட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் பம்பாய்க்கு வந்தாள். பூலோகம் தாராவியில் ஒரு தோல் பதனிடும் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவன். எங்கள் சந்தில் அவளைச் செம்பகம் என்போம். அவள் வாய்க்கு இந்தப் பக்கத்தில் பயப்படாதவர் கிடையாது. குழாயடியில் எவளாவது குடத்தை நகர்த்தி வைத்தால் போதும், அவள் மூன்று தலைமுறையை இழுத்து வைத்துப் பேசுவாள். ஒரு நாள் முனிசிபாலிடி ஆள் ஒருவன் கூரைக்கு அடியில் கம்பை விட்டு ஆட்டிப் பார்த்தான். அவனை ரோடு வரை விரட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு இந்தி தெரியாது. தமிழிலேயே வைதாள். அவனுக்கு எல்லாம் புரிந்தது.

இப்பேர்ப்பட்டவள் ஐம்பத்தைந்தில் கைலாசம் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனாள். முதல் நாள் அந்த வீட்டு மாமி விசாலாக்ஷி பெயரைக் கேட்டிருக்கிறாள். இவள் சொன்னதும் மாமி கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாளாம். மாமியின் மாமியார் பெயரும் செண்பகவல்லி. கிழவி அப்போது கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்வது வழக்கமில்லை. சொல்லாமலே கூடக் காலம் தள்ளலாம், ஆனால் வேலைக்காரியைக் கூப்பிடாமல் முடியுமா. அதுவும் வெறுமனே கூப்பிடுவதா. பாத்திரத்தில் சோற்றுப் பத்து ஒட்டியிருக்கிறது, மூலையில் குப்பை இருக்கிறது, ஏன் இவ்வளவு நேரம் என்று நாளுக்குப் பத்துத் தடவை வைய வேண்டும். செண்பகவல்லி, உனக்குக் கண் அவிந்துவிட்டதா என்று அடுக்களையிலிருந்து கத்தினால் கூடத்தில் இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்.

"இதுக்கு முன்னால இருந்தவ பேர் முருகம்மா. நீயும் முருகம்மாவாவே இருந்துட்டுப் போ" என்று மாமி முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் செண்பகவல்லி என் மேஜைக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தாள். "என்னத்தையும் சொல்லிக் கூப்பிட்டுப் போறாவ, அண்ணாச்சி. நான் அங்கெ போறது ரெண்டு வேளை." நானும் சிரித்தேன். அன்றைக்கே போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த வீட்டில் மட்டும் அது நிற்கவில்லை. பால்காரன், இஸ்திரிக்காரன், தேங்காய் கொண்டுவருகிறவன், வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிற வடக்கத்தி பையா, மேல் மாடிக்காரர்கள், எல்லாருக்கும் அவள் முருகம்மா ஆனாள். அதைவிட மோசம், அவளே முருகம்மா ஆனாள். நான் ஒருமுறை ஒரு கடிதம் கொடுக்க அங்கே போயிருந்தபோது பார்த்தேன். முதுகை வளைத்துக்கொண்டு, முருகம்மா என்று கூப்பிட்டால் ஏன் என்று வந்து நிற்கிற ஒரு பெண்பிள்ளை. மாமி வைதாள், இவள் தரையைப் பார்த்தாள். நான் குழாயடியில் பார்க்கிற மனுஷி இவள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் கிழவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. விசாலாக்ஷி மாமிக்கு மடி, ஆசாரம், குமட்டல். நாலு வருஷம் கிழவியைப் புரட்டிப் போட்டு, துடைத்து, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டியது செண்பகவல்லி. முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள் என்று டாக்டரே சொன்னாராம். அறுபதில் கிழவி செத்தாள். கூடத்தில் சந்தன மாலை போட்ட படமாக ஆனாள். இனிமேல் யாருக்குக் கூச்சம், இவளை இவள் பெயரால் கூப்பிட்டால் என்ன. கூப்பிடவில்லை. யாருக்கும் அது நினைவிலேயே இல்லை.

அறுபத்து நாலில் பூலோகத்தின் கால்கள் போயின. சுண்ணாம்பு அரித்துப் பாதம் இரண்டும் வெந்து, புண் ஆறாமல், கிடங்கில் இனி வராதே என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மாட்டுங்கா வேலை ஒன்றை வைத்து நாலு பேர் சாப்பிட முடியாது. அப்போதுதான் என் மனைவி ஜெயசீலி ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. வார்டு ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், நோயாளியைப் பார்த்துப் பழக்கம் இருந்தால் முதல் இடம். நிரந்தர வேலை, ஓய்வூதியம் உண்டு, குடும்பத்துக்கு இலவச வைத்தியம் உண்டு. பூலோகத்தின் காலை அங்கேயே காட்டலாம். வேண்டியது இரண்டு காகிதம். ஒன்று ரேஷன் கார்டு. இன்னொன்று வேலை பார்த்த வீட்டிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும்.

செண்பகவல்லி மாமியிடம் கேட்டாள். மாமி இன்று நாளை என்று இழுத்தாள். நல்ல வேலைக்காரி கைவிட்டுப் போகிறாளே என்ற வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவழியாகக் கைலாசம் எழுதிய கடிதம் வந்தது. இவள் அதை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து என் மேஜையில் வைத்தாள்.

வாசித்தேன். பொய் சொல்லக் கூடாது, அருமையான இங்கிலீஷ். ஒன்பது வருஷமாக எனக்கு நேரில் தெரிந்தவள், நேர்மையானவள், என் தாயாரை நாலு ஆண்டுகள் ஒரு நர்ஸைப் போலக் கவனித்துக்கொண்டவள். என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு கடிதம் அடித்ததில்லை. எல்லாம் முருகம்மாளுக்கு. செண்பகவல்லி என்ற பெயர் தலையிலும் இல்லை, காலிலும் இல்லை.

மறுநாள் காலையில் அதையே எடுத்துக்கொண்டு இருவரும் ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா ஒரு மராட்டிக்காரர், நல்ல மனிதர்தான். கடிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ரேஷன் கார்டைப் பார்த்தார். தலை நின்றுவிட்டது.

"இதில் ஒருத்தி, அதில் ஒருத்தி" என்றார் இந்தியில். "இரண்டும் ஒரே ஆள் என்று கடிதம் கொடுத்தவரே எழுதித் தரட்டும். இல்லையென்றால் கடிதத்தில் இருக்கிற பெயர்தான் என் ரிஜிஸ்டரில் ஏறும். கார்டை மாற்றிக்கொண்டு வா. நாளைக்கு ஒரு மணிக்கு நான் ரிஜிஸ்டரைக் கட்டிவிடுவேன்."

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். முட்டாள் நான். என் மேஜைக்கு வந்து புதிதாக ஒரு கடிதம் அடித்தேன். கைலாசத்தின் வாசகத்தில் கை வைக்கவில்லை. முதல் வரியில் மட்டும் 'செண்பகவல்லி, பெட்டர் நோன் டு அஸ் ஆஸ் முருகம்மாள்' என்று சேர்த்தேன். அவள் செண்பகவல்லிதான், எங்கள் வீட்டாருக்கு முருகம்மாள் என்றால்தான் அதிகம் பழக்கம் என்று அர்த்தம். ஒரு மனுஷியை ஒன்பது வருஷம் அடுத்தவள் பெயரால் கூப்பிட்டதை இவ்வளவு மரியாதையாக ஒப்புக்கொள்ள இங்கிலீஷ்காரன் ஒரு வழி வைத்திருக்கிறான். யார் மானமும் போகாது. கைலாசத்துக்கு வேலை ஒரு கையெழுத்து.

சாயங்காலம் ஆறரைக்கு அவர் ஆபீசிலிருந்து வந்து காப்பி குடித்த பிறகு போனோம். நான் கூடத்தில் நின்றேன். செண்பகவல்லி அடுக்களை வாசலோரம் போய் நின்றுகொண்டாள். கைலாசம் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இதை யார் அடிச்சது?"

"நான்தான் சார்."

"எந்த ஆபீஸ்?"

"ஆபீஸ் இல்ல சார். தாராவி மெயின் ரோட்ல மேஜை போட்டிருக்கேன்."

"ம். பாஷை தேவலை." காகிதத்தை மடித்து டீப்பாயில் வைத்தார். "செண்பகவல்லிங்கறது என் அம்மா பேர்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுண்டேவா அடிச்சீர்?"

"இவளுக்கும் அப்பன் வச்ச பேரு அதுதான சார்."

"வெச்சுக்கட்டும். நான் வேண்டாம்னேனா? ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்கும். என் கையெழுத்துக்கு மேல அது வராது. என் அம்மா பேரைப் போட்டு, இவ என் ஆத்துல பத்துத் தேய்ச்சான்னு நான் எழுதணுமா? எனக்குத் தெரிஞ்சவ முருகம்மா. முருகம்மாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். செண்பகவல்லின்னு ஒரு வேலைக்காரியை எனக்குத் தெரியாது. தெரியாத ஆளைத் தெரியும்னு எழுதினா அது பொய் சர்டிபிகேட். முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு."

விசாலாக்ஷி மாமி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒன்பது வருஷமா முருகம்மான்னா ஏன்னு ஓடி வந்தவதானேடி நீ. இப்ப என்ன திடீர்னு பேர் மேல ஆசை? நான் உனக்கு என்ன குறை வெச்சேன், சொல்லு."

அந்த வீட்டில் செண்பகவல்லிக்கு வாய் கிடையாது. எனக்கு இருந்தது.

"சார், ஒங்க அம்மாவ நாலு வருஷம் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டுனது யாரு?"

"முருகம்மா" என்றார் கைலாசம். யோசிக்கவே இல்லை.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "அப்படின்னா கேட்டுக்கிடுங்க சார். இந்த வீட்ல ரெண்டு செண்பகவல்லி இருந்திருக்காவ. ஒருத்தி படுத்துக் கிடந்தா, ஒருத்தி பீ அள்ளுனா. அள்ளுனவ பேரு மட்டும் ஒங்களுக்கு நாறுதோ?"

கைலாசம் எழுந்துவிட்டார். "வெளியே போங்காணும்" என்றார். என் காகிதத்தை இரண்டாகக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார். மாமி படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நான் படியிறங்கினேன். எனக்குப் பின்னால் மாமியின் குரல் கேட்டது. "முருகம்மா, நாளைக்குக் கார்த்தாலே சீக்கிரம் வா." இவள் "சரி மாமி" என்றாள்.

ரயில்வே லைன் ஓரமாக நடந்து வந்தோம். பாதித் தூரத்தில் அவள் நின்றாள்.

"ஒங்கள யாரு அண்ணாச்சி அதப் பேசச் சொன்னா?"

"பேசாம என்ன செய்யச் சொல்லுத? பாத்துக்கிட்டு நிக்கவா?"

"ஆமா, நிக்கணும். நான் ஒம்பது வருசம் நிக்கலையா? நீங்க வராட்டா நான் அவரு கால்ல விழுந்தாவது வாங்கியிருப்பேன். ஒரு நிமிசத்துல கெடுத்துட்டீங்களே. ஒங்களுக்கு ரோசம். ரோசப்பட்டுட்டு வீட்ல போயிப் படுத்துக்கிடுவீக. எனக்கில்ல போச்சு."

"கால்ல விழுவியோ? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இல்ல."

அவள் குழாயடிக் குரலில் பேசினாள். லைனுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அவளுக்காகத்தானே பேசினேன், நன்றி கெட்டவள் என்று கூட நினைத்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நம் சந்தில் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன், எல்லாருக்கும் உன்னைச் செண்பகவல்லி என்று தெரியும் என்றேன். அதற்கு ஒரு முறை முறைத்தாள்.

"நூறு பேருக்குத் தெரிஞ்சு என்ன அண்ணாச்சி? அவுகளத் தெரிஞ்சவுக யாரு இருக்கா?"

இத்தனை வருஷம் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதை அவள் ஒரு பேச்சில் சொல்லிவிட்டாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள். "ஆஸ்பத்திரிக்காரரு என்ன சொன்னாரு? காயிதத்துல இருக்கிற பேருதான் ஏறும்னாருல்லா?"

"ஆமா. அதுக்கு?"

"அப்ப அதையே என் பேரா அடிச்சுக் குடுங்க. கோர்ட்ல போயி பேர மாத்துதாங்கள்ல, அந்தக் காயிதம்."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? அப்பன் வச்ச பேரு."

"அப்பனா வந்து இப்ப சோறு போடுதாரு? முருகம்மா நல்லவ, முருகம்மா யோக்கியமானவன்னு பெரிய மனுசன் எழுதிக் குடுத்திருக்காரு. செண்பகவல்லி நல்லவன்னு எனக்கு ஒருத்தன் எழுதித் தரலையே. எங்க வீட்டுக்காரருக்குக் காலு அழுகுது அண்ணாச்சி. நாளைக்கு ஒரு மணிக்கு ரிஜிஸ்டரக் கட்டிருவாரு."

நான் மாட்டேன் என்றேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் இல்லை. ஜெயசீலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒங்க கோவத்துக்கு அவ பட்டினி கெடக்கணுமாக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சனிக்கிழமை விடிந்ததும் மேஜையைத் துடைத்து, முத்திரைத் தாளைச் சுருட்டி உள்ளே விட்டு, நானேதான் அடித்தேன். இதுவரை செண்பகவல்லி என்று அறியப்பட்ட நான் இன்று முதல் எல்லாக் காரியங்களுக்கும் முருகம்மாள் என்றே அறியப்படுவேன். கைலாசம் ஒரு கையெழுத்துப் போட மறுத்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. அவள் பெயரை அழித்தது என் பத்து விரல்கள். அன்றைக்கு அந்த மனிதர் மேல் வந்த வெறுப்பு இன்று வரை இறங்கவில்லை. என் மேல் வந்ததும் இறங்கவில்லை.

பத்து மணிக்குக் கோர்ட்டில் இருந்தோம். அங்கே ஒரு வக்கீல் காட்டிய இடத்தில் அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக, வட்டம் வட்டமாக, சுழி சுத்தமாக, செண்பகவல்லி என்று எழுதி முடிக்க ஒரு நிமிஷம் ஆனது. வக்கீல் பொறுமையில்லாமல் பேனாவுக்குக் கையை நீட்டினார். அவள் அவசரப்படவில்லை.

அங்கிருந்து பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டரை. மராட்டிக் குமாஸ்தா கடிதத்தையும் கோர்ட் காகிதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். திருப்தியாகிவிட்டது. ரேஷன் கார்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். பெரிய ரிஜிஸ்டரைத் திறந்து, முருகம்மாள், பூலோகம் மனைவி, வார்டு ஆயா என்று எழுதினார். திங்கட்கிழமை முதல் வேலை. வேலை கிடைத்துவிட்டது.

குமாஸ்தா ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, பெயருக்கு எதிரே கட்டத்தைக் காட்டி, பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை. இடது கைக் கட்டை விரலை நீட்டினாள். குமாஸ்தா ஒன்றும் நினைக்காமல் மை டப்பாவைத் திறந்தார்.

"ஏ, ஒனக்குத்தான் எழுதத் தெரியுமே" என்றேன். "இப்பத்தான கோர்ட்ல போட்ட?"

அவள் விரலை மையில் ஒற்றி, கட்டத்துக்குள் அழுத்தி, எடுத்துப் பார்த்தாள்.

"அது என் கையெழுத்து அண்ணாச்சி. முருகம்மா கையெழுத்து எனக்கு எப்படித் தெரியும்?"